நார்வே ஃபியோர்டுகளில் இலையுதிர் காலக் கார் பயணம்: தேதி, விசா, வழி, செலவு

மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே புகுந்திருக்கும் இடம்தான் ஃபியோர்டு. நார்வேயின் ஃபியோர்டுப் பகுதிக்குக் கோடையில் போவது பற்றி எழுதியவர்கள் ஏராளம். செப்டம்பர், அக்டோபரில் போகிறீர்கள் என்றால் அதில் பாதி உங்களுக்கு உதவாது. அவர்கள் சொன்ன மலைச்சாலை மூடியிருக்கும், படகு சீசன் முடிந்து நின்றுபோயிருக்கும், ஓட்டல் கதவில் ‘மே மாதம் சந்திப்போம்’ என்று அட்டை தொங்கும். இதையெல்லாம் துருவித் துருவிக் கண்டுபிடிப்பதிலேயே எங்களுக்கு மாதக்கணக்கில் போனது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இந்தியப் பாஸ்போர்ட்டில் போய், வாடகைக் காரை நீங்களே ஓட்டி, பெர்கனில் தொடங்கி பெர்கனிலேயே முடிக்கிற சுற்றுக்கான வழிகாட்டி. மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர் வரும். எட்டு முதல் பத்து நாள் ஒதுக்குங்கள். ஐரோப்பாவிலேயே இருக்கிறவர்கள் விசாவையும் லைசென்ஸையும் தாண்டி நேரே 4-க்குப் போய்விடலாம்.

1. டிக்கெட்டுக்கு முன்னால் தேதி

இலை நிறம் மாறுவது மேலிருந்து கீழே இறங்கி வரும். செப்டம்பர் நடுவில் மலை உச்சிப் பக்கம் தரையோடு படர்ந்திருக்கும் குட்டைச் செடிகள் சிவக்கும், அதற்குக் கீழே பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். ஃபியோர்டு ஓரத்துப் பள்ளத்தாக்குகளுக்கு அந்த நிறம் வந்து சேர செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி ஆகிவிடும். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமென்றால் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரைதான் நல்ல நேரம். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றாக ஏதாவது கைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்: ஒரு படகு, ஒரு ஓட்டல், ஒரு சாலை.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். செப்டம்பர் கடைசியில் பகல் சுமார் 12 மணி நேரம் இருக்கும். அக்டோபர் முடியும்போது 9 மணி நேரத்துக்கு அருகில் வந்துவிடும், கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிய பிறகு ஃபியோர்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம், அக்டோபர் தொடக்கத்தில் அங்கே பள்ளிகளுக்கு இலையுதிர் கால விடுமுறை. ஊருக்கு ஊர் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும். அந்த வாரத்தில் உள்ளூர்க்காரர்களே குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுவதால் மரவீடுகள் கிடைக்காது. ஆள் குறைந்த சீசன்தானே என்று அசட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

வடதுருவ ஒளி பார்க்கலாம் என்ற ஆசையில் தேதியைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. இந்தப் பகுதி அதற்கானது இல்லை. அதற்கு வடக்கே ட்ரோம்ஸோ பக்கம் போக வேண்டும், அது தனிப் பயணம்.

2. விசா: ஜூனிலேயே தொடங்குங்கள்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் குறுகிய கால விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சில விண்ணப்பங்கள் 45 நாள் வரை இழுக்கும். செப்டம்பர் பயணத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம், கோடைக்குப் போகிறவர்களும் வெளிநாட்டுக் கல்லூரியில் சேரும் மாணவர்களும் வரிசையில் நிற்கிற நேரம். எனவே ஜூன் முதல் வாரத்திலேயே விரல் ரேகை கொடுக்கும் நாளைப் பிடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை நார்வே குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும், அப்புறம் ஆவணங்களோடு, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தால் எதுவும் திரும்பி வராது.

கையில் இருக்க வேண்டியவை: நார்வேயை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லக்கூடிய, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ள பாஸ்போர்ட், சம்பளம் வந்து விழுவது தெரியும்படி வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, விமான, தங்குமிட முன்பதிவு, அப்புறம் நாள்வாரிப் பயணத் திட்டம். தங்குமிடம் போக, கைச்செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 குரோனர் என்பது அவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. ஒரு குரோனருக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நாள்வாரித் திட்டத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “ஃபியோர்டு சுற்றிப் பார்த்தல், 8 நாள்” என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. எந்த நாள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர், இரவு எங்கே என்று எழுதி, கார் முன்பதிவுத் தாளையும் கூட வையுங்கள். தங்குமிடப் பட்டியலில் ஒரு இரவுகூட விடுபடக் கூடாது. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற முன்பதிவுகளை மட்டும் போடுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் அல்லது ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் பெர்கனிலேயே இறங்கலாம். ஆனால் ஷெங்கன் நுழைவுச் சோதனை அந்த இடைநிலையத்தில்தான் நடக்கும், 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள். தோஹா, துபாய் வழியாக ஓஸ்லோவில் இறங்குபவர்கள் அங்கிருந்து ரயிலில் பெர்கனுக்கு வந்து காரை எடுப்பது என் யோசனை. ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம், மலைமேட்டின் நடுவே போகிற பாதை, அதுவே பாதிச் சுற்றுலா.

3. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

நம் ஊர் லைசென்ஸோடு பன்னாட்டு அனுமதியும் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் போலீஸ் கேட்பதைவிட கார் கவுண்டரில் கேட்பதுதான் அதிகம், இல்லையென்றால் சாவி தரமாட்டார்கள். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முடிக்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். படிவம் 1ஏ மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களைக் கையோடு கொண்டு போங்கள். விசா நகல் கேட்பார்கள் என்பதால் விசா தாமதமானால் இதுவும் தாமதமாகும். லைசென்ஸ் காலாவதி நெருங்கியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

4. வழி: ஒவ்வொரு மலைச்சாலைக்கும் ஒரு மாற்றுவழி

முழுப் பயணத்திலும் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். நான் சொல்லும் சுற்று இது: பெர்கன், வோஸ், ஹார்டாங்கர், ஃப்ளோம், லேர்டால், சோக்ன்டால், லோம், கெய்ராங்கர், லோயன், திரும்ப பெர்கன்.

ஹார்டாங்கரை முதலில் வையுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய பகுதி என்பதால் பனிப் பயம் கிட்டத்தட்ட இல்லை, கை பழகிக்கொள்ளவும் ஏற்றது. செப்டம்பர் கடைசியில் அங்கே ஆப்பிள் அறுவடை நடக்கும். சாலையோரத்தில் ஒரு மரத்தட்டு, அதில் பை பையாக ஆப்பிள், பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி, சுற்றுமுற்றும் ஆளே இருக்காது. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் செல்போன் கட்டண எண் நம் ஊர் வங்கிக் கணக்குக்கு வேலை செய்யாது. இதற்காகவே இருபது குரோனர் நாணயங்கள் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், நாடு முழுக்க வேறு எங்கும் ரொக்கம் தேவைப்படாது. ஹார்டாங்கர் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் மலைக்குள்ளேயே, சுரங்கத்துக்கு நடுவில், நீல விளக்கு போட்ட ரவுண்டானா ஒன்று வரும். ஜி.பி.எஸ். அங்கே குழம்பிவிடும், எத்தனையாவது வழியில் வெளியேற வேண்டும் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

எய்ட்ஃபியோர்டுக்கு மேலே வோரிங்ஸ்ஃபோஸ் அருவி. நீர்மின் நிலையம் இந்த ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் 15 வரை சுற்றுலாவுக்காகக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்பது விதி, அதற்குப் பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. படத்தில் பார்த்த அருவியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். ஓடா என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள லோட்டஃபோஸ் அருவிக்கு இந்தக் கதை கிடையாது, மழை பெய்யப் பெய்ய அது கொழிக்கும், சாரல் கார் கண்ணாடியிலேயே வந்து அடிக்கும்.

ஃப்ளோமிலிருந்து லேர்டாலுக்கு இரண்டு வழி. ஒன்று 24.5 கிலோமீட்டர் நீளமான லேர்டால் சுரங்கம், 2000-இல் திறந்தது, உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம், கட்டணம் இல்லை. இன்னொன்று அதற்கு மேலே மலையேறிப் போகும் அவுர்லாண்ட்ஸ்ஃபியெல் சாலை, 1306 மீட்டர் உயரம். நிறங்களைப் பார்க்க வந்தவர்கள் மேலே போகத்தான் ஆசைப்படுவார்கள், போகவும் வேண்டும். வழக்கமாக நவம்பர் வாக்கில் மூடும் சாலை இது, ஆனால் அக்டோபரில் ஒரே இரவில் பனி கொட்டிச் சில நாள் மூடுவதும் உண்டு. மூடியிருந்தால், ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஸ்டெகஸ்டைன் பார்வைமேடை வரை மட்டும் ஏறிவிட்டுத் திரும்பி இறங்கிச் சுரங்கத்தில் போங்கள். மேடை வரையுள்ள பகுதியை ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். சாலை ஒல்லி, எதிரே பேருந்து வந்தால் ‘எம்’ என்று எழுதிய நீலப் பலகை இருக்கும் ஒதுங்குமிடத்துக்குப் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். பின்னோக்கி ஓட்டத் தயக்கம் உள்ளவர்கள் காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள்.

அடுத்து ஃபோட்னெஸ், மான்ஹெல்லர் படகைக் கடந்து சோக்ன்டால். பக்கத்தில் சோல்வோர்ன் கிராமத்திலிருந்து சின்னப் படகில் ஊர்னெஸ் மரத் தேவாலயத்துக்குப் போகலாம், யுனெஸ்கோ பட்டியலில் 1979-லேயே இடம் பிடித்தது. உள்ளே போய்ப் பார்ப்பது செப்டம்பரோடு முடிந்துவிடும், அக்டோபரில் வெளியே நின்று பார்ப்பதுதான்.

அங்கிருந்து லோமுக்கு சோக்னெஃபியெல் சாலை. 1434 மீட்டர், வட ஐரோப்பாவின் மிக உயரமான மலைக் கணவாய்ச் சாலை. இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கெய்ராங்கரைவிட. ஒரு பக்கம் பனியாறு, இன்னொரு பக்கம் செம்மண் கொட்டினது மாதிரி சிவந்து கிடக்கும் செடிகள். குளிர் நெருங்க நெருங்க இரவில் மட்டும் மூட ஆரம்பிப்பார்கள், அப்புறம் முழுக்க மூடி மே மாதம்தான் திறப்பார்கள். இது மூடியிருந்தால் லோமையே விட்டுவிடுங்கள். சோக்ன்டாலிலிருந்து ஃபியார்லாண்ட் வழியாக ஸ்கேய் போய், அங்கிருந்து லோயன், ஸ்ட்ரின் பக்கம் போய்விடலாம். அந்தச் சாலை சுரங்கங்கள் வழியே போவதால் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், அதுவும் பனியாறுகளை ஒட்டியே போகிறது, குறைவொன்றும் இல்லை.

கெய்ராங்கருக்குத் தெற்கிலிருந்து இறங்கும் 63-ஆம் எண் சாலையும் குளிர்காலத்தில் மூடும். மாற்றுவழி ஸ்ட்ரின், ஹெல்லெசில்ட், ஸ்ட்ராண்டா, அங்கே ஒரு படகு, லிங்கேயிலிருந்து எய்ஸ்டாலுக்கு இன்னொரு படகு, பிறகு எய்ஸ்டாலிலிருந்து கழுகுச்சாலை எனப்படும் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் வழியே வடக்குப் பக்கமாக இறங்குவது. கழுகுச்சாலை ஆண்டு முழுக்க உண்டு. ஹெல்லெசில்ட்டுக்கும் கெய்ராங்கருக்கும் இடையே ஃபியோர்டின் நீளத்துக்கும் போகிற கார் படகு இருக்கிறதே, அது சீசன் படகு, இலையுதிர் காலத்தில் நடைகளும் குறைந்துவிடும். உங்கள் தேதிக்கு அட்டவணையைப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும்.

ட்ரோல்ஸ்டீகன் ஏன் இதில் இல்லை என்று கேட்பீர்கள். 2024 ஜூனில் பாறை விழுந்து அந்த சீசன் முழுக்க மூடிக் கிடந்த சாலை அது. திறந்திருந்தால் கெய்ராங்கரிலிருந்து ஒரு நாள் போய்வரலாம், ஆனால் அதை நம்பி ஓட்டல் போடாதீர்கள்.

ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் போதும், 200 அதிகபட்சம். வரைபடச் செயலி மூன்று மணி நேரம் என்று சொன்னால் படகுக் காத்திருப்பு, ஆடு, மழை, படமெடுக்க நிறுத்துவது எல்லாம் சேர்ந்து ஐந்தாகிவிடும்.

5. கார்

பெர்கனில் எடுத்து ஓஸ்லோவில் விடுவதாக இருந்தால் தனியே ஒரு பெரிய தொகை கேட்பார்கள், சில சமயம் பல நாள் வாடகைக்குச் சமமாக. சுற்றாகத் திட்டமிடச் சொன்னதே அதனால்தான்.

ஆட்டோமேட்டிக் எடுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம், அதோடு வலக்கையால் கியரும் போடுவது முதல் நாள் மலையேற்றத்தில் வேண்டாத சோதனை. சின்னக் கார் போதும், ஒல்லிச் சாலையில் அகலம் குறைந்த வண்டிதான் சௌகரியம்.

மின்சாரக் கார் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், சார்ஜ் செய்யும் இடம் சின்ன ஊரிலும் இருக்கிறது, டோலும் படகும் குறைவு. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, அதில் நம் கார்டை ஏற்றி ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது மழையில் நின்று செய்யும் வேலை. ஊரிலிருக்கும்போதே இரண்டு மூன்று செயலிகளை இறக்கிக் கார்டைப் பதிந்துவிடுங்கள்.

முன்பணம் ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடிப்பார்கள், டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேருமா என்று கேளுங்கள், மலைச்சாலையில் அடிபடுவது அந்த மூன்றும்தான். அக்டோபர் என்றால் குளிர்கால டயர் போட்டுத் தர முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பனியில் பிடிப்பதற்காக உலோக முனைகள் பதித்த ஆணி டயருக்குத் தெற்கு நார்வேயில் நவம்பர் 1-இலிருந்துதான் பொது அனுமதி, ஆனால் சாலை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ற பிடிமானம் டயரில் இருக்க வேண்டும் என்ற சட்டம் எல்லா நாளும் உண்டு, விபத்தானால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒளிரும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். 135 செ.மீ.க்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.

6. தங்குமிடம்

ஓட்டலைவிட முகாம்களில் உள்ள சின்ன மரவீடுகள்தான் நமக்கு ஏற்றவை. அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும், 900 முதல் 1500 குரோனருக்குள் இரண்டு பேர் தங்கலாம், ஓட்டல் என்றால் 1500-லிருந்து 2500. மரவீட்டில் கவனிக்க வேண்டியது, படுக்கை விரிப்பும் கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணமும் பல இடங்களில் விலையில் சேராது, இரண்டும் சேர்ந்து சில நூறு குரோனர் ஏறிவிடும். உள்ளேயே கழிப்பறை உண்டா என்றும் பாருங்கள், இல்லாதவையும் உண்டு, அக்டோபர் இரவில் குடையோடு நடக்க வேண்டிவரும். கெய்ராங்கரில் பல இடங்கள் செப்டம்பர் கடைசியிலேயே அடைத்துவிடுவதால் அந்த ஊரை முதலில் போடுங்கள், மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

7. டோலும் படகும்

டோல் வாயில் என்று ஒன்று அங்கே கிடையாது. மேலே கேமரா, வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும், நீங்கள் நிற்கவே வேண்டாம். பெர்கன் நகரத்துக்குள் நுழைந்தாலும் பிடிக்கும். வாடகைக் காரில் பெரும்பாலும் டோலைத் தானாகவே பதிவு செய்யும் ஆட்டோபாஸ் கருவி இருக்கும், கட்டணம் பிற்பாடு உங்கள் கார்டில் வரும். எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனம் ஒவ்வொரு கடப்புக்கும் தனித்தனியாகச் சேவைக் கட்டணம் போட்டு அனுப்பியிருந்தது, சில இடங்களில் டோலைவிட அதுதான் அதிகம். வண்டி எடுக்கும்போதே கேளுங்கள்: மொத்தமாக ஒரு கட்டணமா, கடப்புக்கு ஒன்றா, நாளைக்கு ஒன்றா?

கார் படகுகளும் இப்போது பெரும்பாலும் இதே கேமரா முறைதான். சாதாரணச் சாலைப் படகுகளுக்கு முன்பதிவு தேவையில்லை. துறைக்குப் போனதும் தரையில் கோடு போட்ட வரிசை இருக்கும், அதில் நின்றுகொள்ளுங்கள், ஊழியர் கைகாட்டும்போது ஏறி, முன் வண்டியை ஒட்டி நிறுத்தி, கை பிரேக் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு இறங்கி மேலே போகலாம். மான்ஹெல்லர் படகு கால் மணி நேரம், திரும்பும்போது வரும் லாவிக், ஒப்பெடால் படகு இருபது நிமிடம். இரவு கடைசிப் படகு எப்போது என்பதை மட்டும் பார்த்து வையுங்கள். சின்ன வழிகளில் சீக்கிரம் நின்றுவிடும், சுற்றிப் போனால் இரண்டு மூன்று மணி நேரம்.

பெட்ரோல் லிட்டர் 20 குரோனருக்கு மேல் கீழாக ஏறி இறங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 1300 குரோனர் ஒதுக்கினால் போதும். டோல், படகு எல்லாவற்றுக்குமாக இன்னொரு 1500 தனியாக வையுங்கள், மிஞ்சினால் நல்லது.

8. சாலையில்

தினமும் காலையில் இரண்டு தளங்களைப் பாருங்கள்: சாலைத் துறையின் போக்குவரத்து வரைபடம், வானிலைக்கு ஒய்.ஆர். சாலைத் துறையில் மலைக் கேமராப் படங்களும் இருக்கும், உச்சியில் இந்த நிமிடம் வெள்ளையா பச்சையா என்று கண்ணாலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 175-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள், ஆங்கிலம் பேசுவார்கள்.

பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஊருக்கு வெளியே 80, ஊருக்குள் 50, அதற்கு மேல் போனால் அபராதம் ஆயிரக்கணக்கான குரோனரில். சில சுரங்கங்களில் இரண்டு கேமராக்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமராவைப் பார்த்ததும் பிரேக் போடும் நம் ஊர் வித்தை எடுபடாது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 0.02 சதவீதம், அதாவது ஒரு பியர்கூடக் கூடாது.

செப்டம்பரில் மலையில் மேய்ந்த ஆடுகளை ஊருக்கு ஓட்டி வருவார்கள். சாலை நடுவே படுத்திருக்கும், சூடு தேடிச் சுரங்கத்துக்குள்ளும் நிற்கும். ஆரன் அடித்தால் நகராது, மெதுவாக ஊர்ந்துதான் போக வேண்டும். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும், அதனால் இருட்டுவதற்கு முன்னால் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பின்னால் உள்ளூர் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள்.

அவசர எண்கள்: தீ 110, போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 113.

9. சாப்பாடும் உடையும்

வெளியே சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு வேளை 200, 300 குரோனர். கடையில் வாங்கிச் சமைத்தால் அதே பணத்தில் இரண்டு பேர் ஒரு நாள் ஓட்டலாம். மளிகைக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறன்று அடைப்பு, எனவே சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், இதை மறந்தவர்கள் பெட்ரோல் பங்க் சாசேஜ்தான் தின்ன வேண்டும், சைவக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பெர்கனில் ஈழத் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள், ஆசிய மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலா கிடைக்கும், ஊரை விட்டுக் கிளம்புமுன் வாங்கிக்கொள்ளுங்கள், மலைக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. இந்தியாவிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம், இறைச்சியும் பால் பொருளும் கூடாது, நெய் டப்பாவும் அதில் அடக்கம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர்.

குளிரைவிட மழைதான் தொல்லை. பெர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதில் இலையுதிர் காலத்தின் பங்கு பெரியது. காற்றில் குடை நிற்காது, நீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும் பூட்சும் வேண்டும். உள்ளே கம்பளி இருந்தால் போதும், கனத்த பனிக்கோட்டு தேவையில்லை.

10. வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு

எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நாலு பக்கமும், சக்கரமும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். மழையில் கீறல் தெரியாது, துடைத்துவிட்டு எடுங்கள். பொறுப்பாள் இல்லாமல் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிற அதிகாலை விமானக்காரர்களுக்கு இந்த வீடியோதான் துணை.

டோல், படகுக் கணக்கு உடனே வராது, சில வாரம் கழித்துத் தவணை தவணையாக வரும். அபராதம் ஏதாவது இருந்தால் அது இன்னும் தாமதமாக வரும், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கே ஒரு கட்டணம் போடும். ஒவ்வொரு வரியையும் உங்கள் பயணத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நீங்கள் காரைக் கொடுத்த பிறகு யாரோ ஓட்டிய டோல் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால் ரசீதைக் காட்டி மின்னஞ்சல் அனுப்பினால் திருப்பித் தருவார்கள். அதுவரை, குறைந்தது மூன்று மாதத்துக்கு, அந்தக் கார்டை மூடாதீர்கள், அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிடாதீர்கள்.